பெட்ஃபோர்டுக்கு ஒன்றே முக்கால் லீற்றர்

என் அப்பா தன் வாழ்நாளில் ஆகக் கூடுதலான கவனத்தோடு திட்டமிட்ட பயணத்தின் நீளம் பதினேழு மைல். இங்கிலாந்தில் மில்ரன் கீன்ஸ் என்ற ஊரில் தொடங்கி பெட்ஃபோர்ட் என்ற ஊரில் முடிவது. அந்த இரண்டு ஊர்களையும் அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. திட்டம் முழுவதும் பலெர்மோவில், வுச்சீரியாச் சந்தைக்குப் பின்பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினி மேசையில் தயாரானது. அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல் பிள்ளை என்பதால் பெற்றோல் கணக்கு முழுவதும் என் பொறுப்பில் விடப்பட்டது.

அந்த வருடம் எங்களுக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்திருந்தது. அதுவரை கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் அனுமதிப் பத்திரத்துக்கு வரிசையில் நின்றவர்கள், இனி விசா இல்லாமல் விமானம் ஏறலாம் என்று ஆகிவிட்டது. மில்ரன் கீன்ஸில் இருந்த சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, தன் மகன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். அம்மா மகிழ்ச்சியில் புதுச் சேலைக்கு அளவெடுத்த சட்டையை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். அப்பாவோ சின்னம்மாவின் வீடு இருந்த ஊரைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். அங்கே பெட்ஃபோர்ட் இருந்தது. அங்கேதான் பெரியப்பா இருந்தார்.

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மூன்று விஷயங்கள்தான். அப்பாவைச் சின்ன வயதில் குளிக்க வார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் அவர். சைவக்காரரான அப்பா பலெர்மோவுக்கு வந்து, மன்னாரிலிருந்து வந்திருந்த கத்தோலிக்கரான அம்மாவை இங்கே ஒரு கோயிலில், பாதிரியார் முன்னால், அண்ணனைக் கேளாமல் கலியாணம் முடித்தபோது, இனித் தனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். அது நான் பிறப்பதற்கு முந்திய கதை. மூன்றாவது, பெட்ஃபோர்டின் ஓரத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக அவர் வேலை செய்கிறார் என்பது. அதை யாரோ சொல்லி, அப்பா மனதில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

அப்பாவின் திட்டம் இதுதான். சின்னம்மாவின் கணவர், நான் சித்தப்பா என்று கூப்பிடுபவர், தன் காரை ஒரு நாளைக்குத் தருவார். அந்த ஒரு நாளைக்குக் காப்புறுதியும் போட்டுத் தருவார். அப்பா ஓட்டுவார். பெட்ஃபோர்டில் அந்தப் பெற்றோல் நிலையத்தை அடையும்போது காரின் பெற்றோல் முள் சரியாகச் சிவப்புக் கோட்டில் நிற்க வேண்டும்.

"ஏன் அப்பா? பெரியப்பா வீட்டை போகேலாதோ?" என்று கேட்டேன்.

"வீட்டை போனால் கதவைத் திறவாமல் விடலாம் பிள்ளை. பெற்றோல் முடிஞ்சு வாறவனை அவர் ஒண்டும் சொல்லேலாது. அது அவரின்ரை வேலை."

மற்றவர்களெல்லாம் பெற்றோல் முடிந்துவிடக் கூடாது என்று கணக்குப் போடுவார்கள். நாங்கள் அது முடியவேண்டும் என்று போட்டோம். மில்ரன் கீன்ஸில் எத்தனை லீற்றர் இருந்தால் பெட்ஃபோர்டில் ஒன்றும் மிஞ்சாது? சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, தன் கார் கலனுக்கு நாற்பத்தைந்து மைல் ஓடும் என்றார். கலன் என்றால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், இங்கிலாந்துக் கலன் வேறு, அமெரிக்கக் கலன் வேறு என்று இருந்தது. முதல் வாரம் நான் அமெரிக்கக் கலனில் போட்ட கணக்கின்படி நாங்கள் பெட்ஃபோர்டுக்கு மூன்று மைல் இப்பால் வயல் நடுவில் நின்றிருப்போம். அதைக் கண்டுபிடித்த இரவு அப்பா எனக்கு ஒரு ஜெலாத்தோ ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

சரியான விடை ஒன்றே முக்கால் லீற்றர். விலை இரண்டு பவுண்டுக்கும் சற்று மேல். திரும்பி வருவதற்கும் அதே அளவு.

"ரெண்டு பவுண்டுக்கு ரெண்டு மாசமாக் கணக்கு," என்றார் அம்மா, மீன் வெட்டியபடி. ஆனால் அவரும் திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அப்பா இல்லாத நேரங்களில் என் கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்ப்பார். கணக்கு அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் பார்ப்பார்.

அப்பா தாளில் போட்ட கணக்கை நம்புகிறவர் அல்ல. சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் அவர் வேலை செய்தார். சமையல், கடை, மருந்து எல்லாம் அவர் பொறுப்பு. கோடையில் சிஞ்ஞோராவை அவருடைய சின்னக் காரில் மொண்டெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். எங்கள் பக்கத்திலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊருக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழப் பதினேழு மைல் வரும் என்று கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோராவிடம் காரைக் கேட்டார். பெற்றோல் தன் செலவு என்றும் சொன்னார். தன் காரை ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வெறுமையாக அனுப்ப முடியாது, தானும் வந்து மீன் சாப்பிட வேண்டும் என்று சிஞ்ஞோரா முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் கொப்பியோடு பின்னால் இருந்தேன்.

முதலில் பெற்றோலைக் கழுத்துமட்டும் நிரப்பினோம். போனோம். சிஞ்ஞோரா சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. திரும்பி வந்து அதே பம்பில் மறுபடி நிரப்பினோம். குறைந்த அளவுதானே செலவான அளவு. அங்கே நின்ற மனிதர் ஒன்றரை லீற்றர் சொச்சம் அடித்ததும் குழாய் தானாக நின்றுவிட்டதைப் பார்த்து, இது காருக்கா, சிகரெட் லைற்றருக்கா என்று கேட்டார்.

சிஞ்ஞோராவுக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது. அப்பாவின் இத்தாலியன் வீட்டுவேலைக்குப் போதும், பெரியப்பாவின் கதைக்குப் போதாது. ஆகவே நான்தான் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு காப்பியும் ஒரு கோர்னெத்தோ பணிசும் வாங்கும் காசுக்கு இவ்வளவு பாடா, பேசாமல் தொலைபேசி எடுக்கவேண்டியதுதானே என்றார். அப்பா வீதியைப் பார்த்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தத்தையும் என்னிடமே கேட்டார் சிஞ்ஞோரா. அதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

மிச்சம் இருந்தது இடப்பக்கம் ஓட்டுவது. பலெர்மோவில் ஓட்டுகிற ஒருவருக்கு உலகில் எங்கேயும் ஓட்டுவதற்குப் பயம் இருக்கக் கூடாது. ஆனால் மில்ரன் கீன்ஸில் சந்திகளில் கார்கள் சுற்றிப்போகும் சுற்றுவட்டங்கள் அதிகம் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். குசினி நிலத்தின் நடுவில் அம்மாவின் புட்டுப் பானை வைக்கப்பட்டது. அப்பா கையில் ஒரு சட்டி மூடியை ஸ்ரியரிங்போலத் திருப்பியபடி அதை மணிக்கூட்டுத் திசையில் சுற்றி நடந்தார். நான் அவருக்கு இடப்பக்கமாக நடந்து, "இப்ப மூண்டாவது வழி" என்று சொல்ல வேண்டும். கீழே சந்தையில் மீன்காரர் கூவ, மேலே நாங்கள் சுற்றினோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் அப்பா சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஒரு உதவி. காருக்கு நீங்கள் பெற்றோல் அடிக்க வேண்டாம்."

"சீ, என்ன கதை இது. நீங்கள் எங்கடை விருந்தாளியள்."

"இல்லை, உண்மையாவே. அடிக்காதேங்கோ. கொஞ்சமா இருந்தால்தான் நல்லது."

சித்தப்பாவுக்கு இது விளங்கவில்லை. அப்பாவுக்குக் காரணத்தைச் சொல்ல வெட்கம். இரண்டு பக்கமும் "சரி சரி" என்று சொல்லி வைத்தார்கள்.

மில்ரன் கீன்ஸில் முதல் நன்மை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை சித்தப்பா காரின் திறப்பை அப்பாவின் கையில் வைத்து, ஒரு பெரிய வேலை செய்து முடித்தவர்போலச் சிரித்தார். அப்பா காரைத் திறந்து திறப்பைத் திருப்பினார். முள் எழுந்தது. பாதியைத் தாண்டியது. மேலே, ஆக மேலே போய் நின்றது.

"காலமையே போய் ஃபுல்லா அடிச்சிட்டன்," என்றார் சித்தப்பா. "நீங்கள் கூச்சப்பட்டுச் சொல்லுறியள் எண்டு எனக்குத் தெரியாதே?"

அப்பா நன்றி சொன்னார். தெருமுனை திரும்பியதும் காரை ஓரமாக நிறுத்தி, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கொப்பியைத் திறந்தேன். நிரம்பிய டாங்கியை முடிப்பதற்குப் பெட்ஃபோர்டுக்குப் பத்துத் தரத்துக்கு மேல் போய்வர வேண்டும் என்று சொன்னேன். அது உதவவில்லை.

"திரும்புவமோ?" என்று அப்பா கேட்டார்.

பின்னால் இருந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஓடுங்கோ."

ஓடினோம். புட்டுப் பானையைச் சுற்றிய அனுபவம் முதல் இரண்டு வட்டங்களுக்குத்தான் கைகொடுத்தது. எல்லா வட்டங்களும் ஒரேமாதிரி இருந்தன. எல்லாவற்றிலும் புல், எல்லாவற்றிலும் மரம். நான் "மூண்டாவது" என்று சொல்வதற்குள் மூன்றாவது போய்விடும். ஒரு வட்டத்தை நான்கு முறை சுற்றினோம். அதே பச்சைச் சட்டைக்காரர் அதே நாயோடு நின்று, நான்காவது முறை எங்களுக்குக் கை காட்டினார். என் கணக்கில் இந்தச் சுற்றெல்லாம் இல்லை. கொப்பியை மூடிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

பெட்ஃபோர்டுக்குள் நுழைந்த பிறகும் வழி தவறியது. ஒரு காப்பிக் கடை வாசலில் இருந்த வயதான ஒருவர் தொலைபேசியில் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியது இத்தாலியனில். அதுவும் எங்கள் தெருவில் கேட்பதுபோன்ற தெற்கத்தி இத்தாலியனில். நான் ஜன்னலை இறக்கி, பலெர்மோவில் கேட்பதுபோலவே பெற்றோல் நிலையத்துக்கு வழி கேட்டேன். அவர் தொலைபேசியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். என் வாயிலிருந்து சிசிலிக்காரப் பேச்சு வருவதையும் பார்த்தார். பிறகு, இது எப்படி என்று கேட்காமலே வழி சொன்னார். இரண்டாவது விளக்கு, வலது, அதோடு நேரே. அந்த நிலையத்தில் நிற்கிற ஆள் நல்லவர்தான், ஆனால் அவர் சிரித்துத் தான் பார்த்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். முன்பகுதியை மட்டும் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன்.

இரண்டாவது விளக்கில் நின்றபோது அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பொட்டை எடுத்தார். அதைச் சின்னம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கி வைத்திருந்தாராம். அம்மா பொட்டு வைத்து நான் கண்டதில்லை. ஒட்டிக்கொண்டு, காரின் பின்பார்வைக் கண்ணாடியில் முகம் தெரியும்படி எட்டிப் பார்த்தார். அப்பா அதே கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"உது வேண்டாம்," என்றார். "நீர் நீராவே வாரும்."

அம்மா அதை உரித்துத் தன் விரல்நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டார்.

பெற்றோல் நிலையம் பெரிதாக இல்லை. நான்கு பம்பு, ஒரு சின்னக் கடை. கண்ணாடிக்குள்ளே நீலச் சட்டையில் ஒருவர் தெரிந்தார். தலை முழுக்க நரை. அப்பா காரை நான்காவது பம்பருகே விட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். நிரம்பிய டாங்கிக்குள் குழாயை வைத்து அழுத்தினார். இலக்கங்கள் ஓடின. 'டக்' என்று நின்றது. இன்னொருமுறை அழுத்தினார். 'டக்.' மெல்ல, ஒரு குழந்தைக்குப் பால் பருக்குவதுபோல அழுத்தினார். 'டக்.' இரண்டரை லீற்றர். மூன்று பவுண்டும் சில்லறையும். சுற்றிய வட்டங்களின் விலையும் அதற்குள் இருந்தது.

கடைக்குள் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் பாண் வாங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் நீலச் சட்டைக்காரர் தலை நிமிராமல் ஆங்கிலத்தில் பம்பு இலக்கத்தைக் கேட்டார்.

"நாலு," என்றார் அப்பா. தமிழில்.

அவர் திரையைப் பார்த்தார். இவ்வளவு குறைவாக யார் அடித்தது என்று பார்ப்பவர்போல நிமிர்ந்தார். அப்பாவின் மூக்கு அவர் முகத்தில் இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஏனோ பயமாகப் போய்விட்டது. அவர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடி வழியே வெளியே, காரின் பின் இருக்கையைப் பார்த்தார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

அப்பா ஐந்து பவுண்ட் தாளை நீட்டினார். அவர் வாங்கி, மிச்சத்தை எண்ணி, பற்றுச்சீட்டையும் கிழித்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"காரை அங்காலை எடுத்து விடு. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

அவ்வளவுதான். அடுத்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டு மாதம், ஒரு கொப்பி, அமெரிக்கக் கலன், ஸ்ஃபெர்ராகவால்லோ, எல்லாம் இந்த ஒரு வரிக்காகவா என்று எனக்குக் கோபம் பொங்கியது. வெளியே வந்ததும் அப்பாவின் கையை உதறினேன். "போவம் அப்பா. அவர் எங்களைப் போகச் சொல்லிப்போட்டார்."

அப்பா காரை எடுத்து, நிலையத்தின் ஓரத்தில் ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் விட்டு, திறப்பைத் திருப்பி நிறுத்தினார்.

"என்ன சொன்னவர்?" என்று அம்மா கேட்டார்.

"காரை அங்காலை எடுத்து விடட்டாம்."

"அவ்வளவுதானோ?"

"விடுங்கோ எண்டு சொல்லேல்லை," என்றார் அப்பா. "விடு எண்டவர்."

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு இது இன்னும் அநியாயமாகப் பட்டது. யாரோடு கதைத்தாலும் 'ங்கோ' போட்டுக் கதைக்க வேண்டும் என்று என்னைப் பிறந்ததிலிருந்து திருத்தியவர்கள், தங்களுக்கு ஒருவர் மரியாதை தராததை இப்படிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரை மணித்தியாலம் இருக்கும். உள்ளே வேறொரு பெடியன் வந்து காசுப்பெட்டிக்கு முன்னால் நின்றான். பெரியப்பா மேற்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நேரே அப்பாவிடம் வரவில்லை. காரை ஒருமுறை சுற்றி நடந்தார். முன்பக்க ரயர் ஒன்றைச் சப்பாத்தால் தட்டினார்.

"காத்துக் காணாது," என்றார். "இதோடையே ஓடி வந்தனீ?"

"ஓம் அண்ணை," என்றார் அப்பா.

அப்பா ஒருவரை அண்ணை என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது என் அப்பாவின் குரல் மாதிரியே இல்லை. என் வகுப்பில் படிக்கிற ஒரு பையனின் குரல் மாதிரி இருந்தது.

பெரியப்பா குந்தினார். அப்பாவும் பக்கத்தில் குந்தினார். இரண்டு பேருக்கும் ஒரே பிடரி. பெரியப்பா இயந்திரத்தின் குழாயை இழுத்து ரயரில் வைத்தார். காரின் கதவடியில் ரயர்க் காற்றின் அளவு முப்பத்து மூன்று என்று எழுதியிருந்ததை நான் முன்னமே பார்த்திருந்தேன். இயந்திரமும் முப்பத்து மூன்று என்றுதான் காட்டியது.

"சரியாத்தான் இருக்கு, பெரியப்பா," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து இரண்டாவது ரயருக்குப் போனார். அது அம்மா இருந்த பக்கம். அம்மா கதவைத் திறந்து இறங்கி, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். பெரியப்பா நிமிராமல் ரயரின் சின்னக் கறுப்பு மூடியைத் திருகிக் கழற்றி, மேலே நீட்டினார்.

"பிள்ளை, இதைக் கொஞ்சம் பிடியும். விழுந்தால் தேடேலாது."

அம்மா இரண்டு கையையும் ஏந்தி அதை வாங்கினார்.

இரண்டாவது ரயரும் முப்பத்து மூன்று. மூன்றாவதும் அதே. ஒவ்வொன்றுக்கும் நான் உரக்கச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா குழாயைப் பிடிக்க, அப்பா அந்தக் குழாயைச் சிக்கெடுத்துக் கொடுத்துக்கொண்டே பின்னால் போனார். ஊரிலே யாரோ ஒருவரின் பழைய சைக்கிளைப் பற்றி மெதுவாகக் கதைத்தார்கள். நான்காவதும் சரியாக இருந்தது.

"அம்மா, ஒரு ரயரிலையும் காத்துக் குறையேல்லை," என்றேன். "பிறகேன் அழுறியள்?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பெரியப்பா எழுந்து முழங்காலைத் தட்டினார். வானத்தைப் பார்த்தார். பிறகு, எதற்கும் முதல் ரயரை இன்னொருக்கால் பார்ப்பம் என்றார். அப்பா அவருக்கு முன்னமே போய் அங்கே குந்திக்கொண்டார்.

பாவம், பெரியப்பாவுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.